அண்டாவைக் கீழே வைத்தவன்

ஞானவேலின் போன்
பெருங்காய டப்பாவில் சாய்ந்து நிற்கிறது.
அதற்குள் சீனாக்காரர்கள்
தமிழில் கத்திக்கொண்டு சுடுகிறார்கள்.

குடிகாட்டுக் கம்பெனிக்கு
இரண்டாம் ஷிப்டுச் சாப்பாடு போய்விட்டது.
மூன்றாம் ஷிப்டுக்கு இன்னும் உலை வைக்கவில்லை.
நடுவில் ஒரு போர் முடிந்துவிடும் என்றான்.
வெங்காயம் உரித்தபடி பார்த்தேன்.
கண்ணீரைப் படத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

நல்ல படம்தான்.
மே மாதப் புழுக்கம், சிப்காட்டின் அழுகல் வாடை,
அதற்கு நடுவிலும் அந்தப் பனி
என் முழங்கையைச் சிலிர்க்க வைத்தது.
ஓர் ஆற்றுப் பாலம்.
காப்பதற்கு நூற்றிருபது பேர்.
எதிரே வருகிறவனுக்கு முகமே இல்லை,
தொப்பியும் சத்தமும் மட்டும்.
செத்துப்போன ஒருவன்
கண் மூடிய பிறகும் அரை வரி பேசினான்,
டப்பிங் கோளாறு.
ஞானவேல் சிரிக்கவில்லை.
அவன் மச்சான் லடாக்கில் ராணுவ லாரி ஓட்டுகிறான்.
அந்தப் பொடியன் அம்மா என்று அலறிய இடத்தில்
சத்தத்தைக் குறைத்தான்.
கொஞ்சம் பொறுத்து
அவனே கூட்டினான்.

என் கண் வேறொருவன் மேல்.
முதுகில் அண்டாவைக் கட்டிக்கொண்டு
வரிசையின் வாலில் வருகிறானே,
சமையற்காரன்.
அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை,
'ஏய் சட்டி' என்கிறார்கள்.
அவன் அடுப்பு மூட்டியதை ஒரு தரமும் காட்டவில்லை.
பனியில் விறகு ஏது?
இருந்தாலும் ஈர விறகு, புகையும்.
புகை தெரிந்தால் விமானம் வரும்.
அப்படியென்றால் ராத்திரியில்,
போர்வையைப் பிடித்து வெளிச்சத்தை மறைத்துத்தானே
பொங்கியிருப்பான்?
அதுதானே ஐயா படம்?

ஆளுக்கு இருநூறு கிராம் போட்டாலும்
இருபத்து நாலு கிலோ அரிசி.
அந்த அண்டாவில் எட்டுக்கு மேல் வேகாது,
மூன்று உலை.
மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
சோறு சீக்கிரம் வேகாதாம்,
அந்த மச்சான் சொன்னதுதான்.

கடைசி அரைமணி.
சட்டி அண்டாவை இறக்கினான்.
செத்த பொடியனின் துப்பாக்கியை எடுத்தான்.
காற்று நின்று, இசை எழும்பி,
அவன் மெதுவாக, மெதுவாக ஓட,
அண்டா சரிவில் உருண்டு
ஆற்றுப் பக்கம் போனது.
ஞானவேல் விசில் அடித்தான்.
எனக்குக் கத்தி நின்றுவிட்டது.
அண்டாவை ஏன்டா கீழே வைத்தாய்?
இன்னும் முப்பத்தொரு பேர் மிச்சம், எண்ணினேன்.
ராத்திரிக்கு அவர்களுக்கு?

இதைக் கேட்க நான் யார் என்றால்,

தானே புயல் அடித்த மூன்றாம் நாள்
மஞ்சக்குப்பம் பள்ளிக்கூடத்தில்
நானும் அஞ்சலாட்சியும் பொங்கினோம்.
ஊரெல்லாம் விழுந்த மரம், அத்தனையும் ஈரம்.
ஊதி ஊதி உதடு வெடித்தது.
தார்ப்பாய் லாரி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.
அஞ்சலாட்சி மாவரைக்கும் கடைக்கு
மண்ணெண்ணெய் கேட்டுப் போயிருந்தாள்.
என் வீட்டுக்குக் கூரை இல்லை.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
ஓடினேன்.

தார்ப்பாய் கிடைத்தது.
நீல நிறம், ஓரத்தில் கிழிசல்.
இருநூறு பேர்
அடிப்பிடித்த சோற்றைத் தின்றார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அஞ்சலாட்சி மட்டும்
கருகியதைத் தனியே சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.
அதற்கு இசை ஏதும் போடவில்லை.

"படம் எப்படி, தில்லையக்கா?"
"கொடிதான் ரொம்பச் சலவை" என்றேன்.
"அத்தனை பேர் ரத்தத்தில் புரளுகிறான்,
கொடியில் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காதா?"
அவன் போனைத் துடைத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றாறு பேர், மூன்றாம் ஷிப்டு.
அரிசி களைந்தேன்.

உருண்டு போனதை
கேமரா பின்தொடரவே இல்லை.
வாய் அகன்ற அண்டா அது,
ரொம்ப தூரம் போகாது.
கரையோரம் ஏதாவது பாறையில் தட்டி
நின்றிருக்கும்.
அந்த முப்பத்தொரு பேரில் யாராவது
போய்ப் பார்த்தார்களா, தெரியவில்லை.