வலது கையுறை

"மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு" என்றுதான்
இரண்டு வருடம் எழுதினேன்.
பள்ளி முத்திரையைப் படமெடுத்து மேலே ஒட்டி,
சுற்றறிக்கை எண் போட்டு.
குழுவில் நூற்றுப் பதினேழு பேர்.
நீலக் குறி விழும்.
அப்புறம் நாரின் மலையில் பனி விழுகிற சத்தம்தான்.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்
"சமூக ஈடுபாடு குறைவு" என்று எழுதிப் போனார்.
சமூகமா?
பாதிப் பேர் மாஸ்கோவில் பெட்டி அடுக்குகிறார்கள்.
மீதிப் பேர் மேய்ச்சலில்;
குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல்.
ஆடு ஏறும்.
என் சுற்றறிக்கையைப் படிக்க ஆள் ஏறுமா?

ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
தாழ்வாரத்தில் ஒரு கையுறை கிடந்தது.
வலது கை. சிவப்பு.
கட்டைவிரலில் வேறு நிற நூலால் ஒட்டுத்தையல்.
யோசிக்காமல் படமெடுத்துப் போட்டேன்,
எண் இல்லாமல், முத்திரை இல்லாமல்:
"யாருடையது? ஒரு கை குளிரில் இருக்கிறது."

நான்கு நிமிடம்.
மாஸ்கோக் கிடங்கிலிருந்து ஜிபெக் எழுதினாள்:
"அகிலாயுடையது. ஒட்டுப் போட்டது நான்,
ஆகஸ்டில். பேருந்து வர நேரமிருந்தது."
அதற்குக் கீழே அறுபத்திரண்டு பேர்.
மகனின் தொப்பியைக் கேட்டார் ஒருவர்.
"ஜன்னல் பக்கமா உட்காருகிறான்?" என்றார் இன்னொருவர்.
ஒருவர் வெறுமனே,
"தாழ்வாரத் தரை இன்னும் பச்சைதானா?"

அன்றிலிருந்து தினமும் ஒன்று.
மதிய ரொட்டி.
கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளும் கொஜொபெக்கின் முதுகு.
பலகையில் யாரோ தப்பாய்ப் போட்ட வகுத்தல்;
ஒரு தகப்பன் குன்றேறி வந்து விடை அனுப்பினான்,
அதுவும் தப்பு.
பிள்ளைகளின் முகம் மட்டும், கேட்காமல், போடுவதில்லை.

அதை நான் நல்லபடியாகக் கற்கவில்லை.
கணக்கில் பின்தங்கியவர் பட்டியலை
ஒரு மாலை, அவசரத்தில், போட்டுவிட்டேன்.
எல்சார் மூன்று நாள் வரவில்லை.
அழித்தேன்.
"இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி அழியவில்லை,
துடைத்த பலகையில் தெரியும் எழுத்துத் தழும்பு மாதிரி.
நான்காம் நாள்
ஃபோனை மேசையறையில் வைத்துப் பூட்டிவிட்டு
அவன் வீட்டுக்கு நடந்தேன்.
கதவைத் திறந்தான். பேசவில்லை.
கிண்ணம் விளிம்புவரை தேநீர் ஊற்றினான்.
எங்கள் ஊரில் நிறைய ஊற்றினால்
குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.
குடித்தேன். கிளம்பினேன்.
மறுநாள் வந்தான்.

பிப்ரவரியில், எல்லோர் முன்னாலும், துர்துபெக்:
"சைகால் எஜேயின் அறையில் ஹீட்டர்.
என் மகள் வகுப்பில் பேனா மை உறைகிறது."
ஆளை நீக்குங்கள் என்றார் துணைத் தலைமையாசிரியர்.
என் விரல் அந்தப் பொத்தான்மேல்தான் இருந்தது,
பொய் சொல்லவில்லை.
இரவு பதினொன்றரைக்கு எழுதினேன்: "உண்மை."
அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை நேரம்.
பிறகு கணக்கு:
வந்த நிலக்கரி பதினாலு டன், வேண்டியது இருபத்தாறு.
ஹீட்டர் நாளை முதல் ஒன்றாம் வகுப்பில்.

காலையில் முற்றத்தில் ஒரு லாரி, பாதி நிறைந்து.
அதன்மேல் துர்துபெக், மண்வெட்டியோடு,
என் பக்கம் திரும்பாமல்.
மாஸ்கோவிலிருந்து கொஞ்சம் பணம் வந்தது,
கொஞ்சம் வசையும்.
டன் கணக்கு இன்னும் நேராகவில்லை.

நேற்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்:
உங்கள் உத்தி என்ன, எழுதித் தாருங்கள்,
மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம்.
உட்கார்ந்தேன்.
"மதிப்பிற்குரிய" என்று கை தானாய்ப் போனது.
ஃபோன் அதிர்ந்தது. ஜிபெக்:
"இடது கையுறையைக் காட்டவேயில்லையே.
போடுகிறாளா?"

வெளியே போய்ப் பார்த்தேன்.
அகிலாய் பனியை உருட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டு கையும் வெறுங்கை,
சிவந்து, ஆவி பறக்க.
படமெடுப்பதா என்று
இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.