ஊதுவதற்கு முன்

நேற்றிரவு எட்டு மணியிலிருந்து
ஒரு மிடறு தேத்தண்ணி இல்லை.
அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது:
தேநீர், கோப்பி, கோலா, சொக்லட்
ஒன்றும் கூடாது.
சொக்லட் என்றதும் சிரித்தேன்.
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
மூன்று மணிக்கு வள்ளக்காரர் வந்துவிடுவார்கள்.
கட்டி எண்ணி, துண்டு எழுதி,
கண்ணாடி ஓட்டைக்குள்ளால் நீட்டவேண்டும்.
குளிரறைக் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும்
நெஞ்சுக்குள் யாரோ
பழைய தகரத்தை இழுத்துக்கொண்டு போவார்கள்.
அந்நேரம் வரும் மன்சூர் கடைப் பிளேன்ரீ.
கடும் சாயம், இஞ்சி தட்டிப் போட்டது.
மூன்றாவது மிடறில் தகரம் நிற்கும்.
இஞ்சி என்று நினைத்தேன்.
சூடு என்று நினைத்தேன்.
பதினொரு வருடம்.

காலையில் உப்புவெளி பஸ்ஸில்
இரண்டு பொட்டிலும் ஆணி இறங்கியது.
பஸ் நிலையத்தில் எல்லாக் கடையிலும்
ஒரே நேரத்தில் தேத்தண்ணி ஆற்றினார்கள்,
என்னைப் பார்த்துத்தான்.
லொத்தர் கடை முன்னால் ஒரு மான்
வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது.
இந்த ஊர் மானுக்கு
யாரும் அட்டை எழுதிக் கொடுப்பதில்லை.

கிளினிக் வாங்கில் ஒன்பது பேர்.
ஒன்பது நெஞ்சும் ஒன்பது சுருதி.
"தேத்தண்ணி குடிச்சனீங்களா?"
றிஸ்மியா மிஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தா.
இல்லை என்றோம் எட்டுப் பேர்.
அதில் மூன்று வாயில் ஏலக்காய் மணந்தது.
மூதூர் லோஞ்சில் கயிறு பிடிக்கிற கதிர்காமத்தம்பி மட்டும்
இரண்டு விரலைக் காட்டினார்.

"அப்ப அடுத்த வியாழன் வாங்க."
"ஒரு தேத்தண்ணி என்ன மிஸ் செய்யப்போகுது?"
"குழாயக் கொஞ்சம் திறந்துவிடும்.
உங்கட மருந்துக்கு அது ஒண்டுவிட்ட சகோதரம்.
இந்த மெசினுக்கு உங்கட மூச்சு வேணும்,
தேத்தண்ணிர மூச்சு இல்ல."

கோப்பு மூடுகிற சத்தம்.
எனக்குள் வேறொரு கணக்கு திறந்தது.
ஐஸ் குறைகிறது என்று கத்தின மாலுமியிடம்
நிறுத்துப் பார் என்று திருப்பிக் கத்தியது
யாருடைய மூச்சு?
ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் ஓரிடமும் நில்லாமல் ஏறி
அவர்கள் வீட்டு வாசலில் நின்று
என் சீதனக் காசை, சதம் விடாமல்,
தெருக் கேட்கக் கேட்டேனே, அன்று?
போகமுன்
இரண்டு கோப்பை குடித்திருந்தேன்.

மூக்கில் கிளிப். வாயில் கடதாசிக் குழல்.
"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க,
இன்னும், இன்னும், விடாதீங்க"
கரைவலை இழுப்பதுபோல் அவ கத்த
நான் ஊதினேன்,
பதினொரு வருடத்தில் முதல்முறை
துணைக்கு ஒருவரும் இல்லாமல்.
திரையில் ஒரு கோடு எழும்பி
பாதி வழியில் சரிந்தது.

பிறகு நாலு தரம் பம்ப் அடித்து,
கால்மணித்தியாலம் இருத்தி, மறுபடி ஊதல்.
கோடு கொஞ்சம் கூட உயர்ந்தது.
கை நடுங்கியது.
நெஞ்சுக்குள் பின்னுக்கு வராத பொயிலர் எஞ்சின்.
"தேத்தண்ணி ரெண்டு குடிக்கலாம்,"
டொக்டர் தலை நிமிராமல் சொன்னார்,
"பம்புக்குப் பதிலா இல்லை.
படபடப்பு வந்தா குறையுங்கோ.
ராவில குடிச்சா நித்திரை வராது."
ராவில் நித்திரை வந்தால்
என் வேலை போய்விடும் என்று
அவருக்குச் சொல்லவில்லை.

கன்ரீனில் கதிர்காமத்தம்பி இருந்தார்,
வியாழன் வரைக்கும் விடுதலையானவராய்,
மூன்றாவது கோப்பையோடு.
எனக்கும் ஒன்று சொன்னார்.
முதல் மிடறு.
இரண்டாவது.
மூன்றாவதுக்கு முன் கோப்பையைக் கீழே வைத்து
உள்ளே யார் நடமாடுகிறார்கள் என்று
காது கொடுத்தேன்.

"எத்தினை வந்தது?" என்றார்.
ஐம்பத்தெட்டு என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
"பாஸா?" என்றார்.