மாற்றியவர்

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் புதுக் கொதிகலன் கூடத்துக்கு
காலை ஏழேகாலுக்கே வந்து நின்றது கலவை லாரி,
வயிற்றைச் சுழற்றிக்கொண்டு.

அன்று வெள்ளி.
வரவேண்டியது திங்கள்.
குழியில் கம்பி கட்டி முடியவில்லை,
பாதிக் கம்பி இன்னும் ஓசூர்ச் சாலையில் எங்கோ.

"நீங்க அனுப்பின அட்டவணைதான் மேடம்"
கைப்பேசியை நீட்டினார் ஓட்டுநர் திம்மராயன்.
பச்சைப் பட்டை ஒன்று
வெள்ளியின் கட்டத்தில்
சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கலவை காத்திருக்காது.
எட்டரை மணிக்கு, வேறு வழியில்லாமல்,
வாசலுக்கு இடப்பக்கம்
சீமைக்கருவேலம் புதரோரம் கொட்டச் சொன்னேன்.
ஆறு கன மீட்டர்.
கொட்டி முடியும்வரை யாரும் பேசவில்லை.

யார் நகர்த்தியது?
கணக்கர் முனிரத்தினம்,
மவுஸை மாவுபோல் பிசைபவர்.
பயிற்சிக்கு வந்த ஃபர்ஹீன்,
எதையும் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்பவள்.
பெங்களூரிலிருந்து அவ்வப்போது
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மேலாளர்.
மூவருக்கும் தனித்தனியே
வாக்கியங்கள் தயாரித்தேன்.
மதியச் சோறு டப்பாவிலேயே இருந்தது.

மாற்றங்களின் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு.
இரண்டு வருடமாக அதை நான் திறந்ததில்லை.
திறந்தேன்.

புதன், மாலை 6.52.
கொதிகலன் அடித்தளம், கான்கிரீட்.
திங்கள் என்றிருந்தது வெள்ளி ஆனது.
மாற்றியவர்:
ரா. சுகுணவல்லி.

நான்.

6.52க்கு என்ன செய்துகொண்டிருந்தேன்?
கிருஷ்ணகிரி பஸ் போய்விடுமென்று
ஒரு கையால் பையை மூடிக்கொண்டே
மறுகையால் திரையை உருட்டியிருப்பேன்.
உருட்டல் இழுவையாகியிருக்கும்.
சேமிக்கவா என்றுகூட அது கேட்கவில்லை.
தானே சேமித்துக்கொள்ளும்
நல்ல மென்பொருள்.

தயாராக இருந்த அந்த வாக்கியங்கள்
முற்றுப்புள்ளியோடு வாயிலேயே நின்றன.
விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றிரவு பூட்டினேன்.
ஒப்புதலான தேதிகளுக்கு ஒரு நகல், தனியே.
இனி இழுத்தால் நகராது.
தேதியை எண்ணால் அடிக்க வேண்டும்,
காரணம் எழுத வேண்டும்,
இன்னொருவர் 'ஆம்' என்றால்தான் மாறும்.
அந்த இன்னொருவர் என்ற கட்டத்தில்
ஃபர்ஹீன் பெயரைப் போட்டேன்.
"நானா? ஏன் மேடம்?"
சொன்னேன்.
அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்களுக்குத்தான் பூட்டு.
மாமரத்துக்கு இல்லை.
மே பிறந்தால் சேந்தூரா பழுத்துவிடும்
எந்தப் பட்டை எங்கே இருந்தாலும்.

ஏப்ரலில் ஒருநாள் கோடை மழை.
பூச்சு வேலையை இரண்டு நாள் தள்ளினேன்.
காரணம்: மழை.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது,
'இல்லை' என்று,
கீழே அவள் எழுத்தில்:
மேடம், இது புகைபோக்கி வரிசை.
பூச்சு இதற்கு அடுத்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
புகைபோக்கிதான்.

வாசலோரம் அந்த ஆறு கன மீட்டர்
அப்படியே இறுகிக் கிடக்கிறது.
உடைக்க ஆகும் செலவுக்கு
மேலாளர் இன்னும் ஒப்புதல் தரவில்லை.
கம்பி கட்டுபவர்கள் அதன்மேல் தேநீர் வைக்கிறார்கள்.
கறுப்பு நாய் ஒன்று மத்தியானங்களில்
மேட்டின் நிழலில் தூங்குகிறது.

லாரியோடு வரும்போதெல்லாம் திம்மராயன்
முதலில் இறங்கி
அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
என் பக்கம் திரும்புவார்:

"இன்னைக்குத்தானே மேடம்?"