ஏழாம் எண்

ஹினோகுசி வட்டார மையத்தில்
இரண்டாவது கவுன்ட்டர் என்னுடையது.
தொலைந்த குடை, மேஜைப்பந்து அறையின் சாவி,
கண்ணாடிக் குப்பை எந்தக் கிழமை என்ற சண்டை,
எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

“அரை மணி நடையில் பார்க்கத்தக்கவை.
ஒரு வரைபடம் போடுங்கள்” என்றார்
பிரிவுத் தலைவர் இனுகாய்.
பார்க்கத்தக்கவை.
அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டு நாள் பென்சிலைக் கடித்தேன்.

முதலில், இரண்டு கார் நிறுத்தங்களுக்கு நடுவே
முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்
நரித் தெய்வத்தின் சிறு கோயில்.
அடுத்து ரயில்வே கேட்.
மாலை ஆறு மணிக்கு மூடினால் சீக்கிரம் திறக்காது.
சைக்கிள் கூடையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க
இத்தனை பேர் ஒன்றும் பேசாமல்
ஒரே திசையில் பார்த்து நிற்பதை
வேறெங்கே காணமுடியும்?
இனுகாய் சிவப்பு மையால் அடித்தார்.
பாலம் என்று மாற்றினேன்.
குளியலகத்தின் புகைபோக்கி தப்பியது.
செர்ரி மரமும் நூலகமும்
எல்லா ஊர் வரைபடத்திலும் இருப்பவை.
ஆறாவது, கொரொக்கே பொரிக்கும் இறைச்சிக் கடை:
நான்கு மணிக்கு முன் போனால் எண்ணெய் புதிது.

ஏழு, மேம்பாலத்தின் அடியில் ஒரு வழிகாட்டிக் கல்.
வலப்பக்கம் கோயில், இடப்பக்கம் கடல்
என்று செதுக்கியிருக்கும்.
கோயில் இருக்கிறது.
கடலைத் தூர்த்துக் கிடங்கு கட்டியாயிற்று.

மூவாயிரம் பிரதி அச்சாகி வந்தது.
ஏழாம் வட்டம் மட்டும்
ஒரு நகத்தின் அகலம் நகர்ந்திருந்தது.
ஜனவரி வரை யாரும் கவனிக்கவில்லை,
குரேமட்சு வரும் வரை.

இரவு டாக்சி ஓட்டுபவர்.
தூங்கிய பக்கத்து முடி படிந்தே இருந்தது.
“முட்டுச்சந்தில் என் வீடு.
ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.
பார்க்கிறார்கள்.
வாஷிங் மெஷினை ஒருவர் போட்டோ எடுத்தார்.
நேற்று ஒரு அம்மாள்
இருமுறை கைதட்டிக் கும்பிட்டுவிட்டே போனாள்.
அவர்களுக்கு அங்கே என்னதான் தெரிகிறது?”

இடுப்பு வலிக்கக் குனிந்தோம்.
இனுகாய் ஒரு பெட்டி இனிப்பை இரு கையால் நீட்டினார்.
திருத்திய பதிப்புக்கு ஏப்ரலில்தான் பணம் வரும் என்றேன்.
“அது கிடக்கட்டும். நிஜமான ஏழு எங்கே?”
விரலால் தொட்டுக் காட்டினேன்.
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
“பத்தொன்பது வருஷமாக
அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்திக்
கண்ணயர்கிறேன்.
மின்சாரக்காரர்கள் நட்ட கல் என்று நினைத்தேன்.”
இனிப்பை மறந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் ஒரு மதியம்
அந்தச் சந்துக்குப் போனேன்.
வாஷிங் மெஷினுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.
சமையலறை நாற்காலி ஒன்று வெளியே.
விளிம்பு உடைந்த ராமென் கிண்ணத்தில்
மூன்று நார்சிசஸ் பூ.
கதவில் அட்டை: இரவுப் பணியாளர் உறங்குகிறார்.

வரைபடத்தோடு ஒரு குடும்பம் நின்றிருந்தது.
“இங்கே என்னம்மா இருக்கு?” என்றான் பையன்.
“ஷ்ஷ்” என்றாள் தாய்.
அவன் சத்தத்தைத் தேடுபவன்போலத்
தலையைச் சாய்த்தான்.
உள்ளே குறட்டை,
தூரத்தில் மூடிய கேட்டின் மணி.
பையனுக்கு அது போதுமாக இருந்தது.

ஏப்ரலில் வட்டம் சரியான இடத்துக்கு வந்தது.
என் கையாலேயே சரிபார்த்தேன்,
அளவுகோல் வைத்து.
புதிய பிரதி ஒன்றை அவரிடம் தரப் போனால்
நாற்காலி இன்னும் அங்கேதான்.
சுவரில் புது அட்டை, டாக்சிக்காரரின் நேர்த்தியான எழுத்து:

ஏழாம் எண் மேம்பாலத்தடிக்கு இடம்பெயர்ந்துவிட்டது.
நான்கு நிமிட நடை.
அவசரமில்லாதவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

அதன் கீழே, பிறகு சேர்த்ததுபோல், பொடி எழுத்தில்:
வலப்பக்கம் இறைச்சிக் கடை.
இடப்பக்கம், கொஞ்ச காலம் முன்புவரை, கடல்.

உணவு இடைவேளையில்
பதினோரு நிமிடம் மீதியிருந்தது.
உட்கார்ந்தேன்.