நாளைக்குக் கழுவலாம்

பிரேமர்ஹாஃபனில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது
சுவரை வெள்ளையாக்கிக் கொடுக்கவேண்டும்.
எங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவு.
கல்யாணப் பத்திரத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாளாக அடித்தோம்.
மூலைகளை வீப்கே, தூரிகையால்.
நடுச்சுவரை நான், ரோலரால்.
பேச அதிகம் தேவைப்படவில்லை.
"ஏணி" என்றாள் ஒருமுறை. கொடுத்தேன்.
"அங்க விட்டுப்போச்சு" என்றாள். திரும்ப உருட்டினேன்.

இரவு பதினொன்று. துறைமுகத்துப் பக்கமிருந்து மழை.
வழக்கம்போல ரோலரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
காற்று புகாமல் முடிச்சுப் போட்டு
ஃபிரிட்ஜில் வைக்கப் போனேன்.
ஒவ்வொரு முறையும் அப்படித்தான்,
பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில்,
நாளைக்குக் கழுவலாம் என்று.

ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில்
நான்கு கால்களின் தடம், ஒரு உலர்ந்த பட்டாணி.
மத்தியானமே மூன்றாம் மாடி மாணவன்
நாற்பது யூரோவுக்குத் தூக்கிப் போயிருந்தான்.

பையோடு நின்றேன்.
நாளையை வைக்க
வீட்டில் இடமில்லை.

"கொண்டா" என்றாள்
குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து.

கைப்பிடியிலிருந்து உருளையை உருவினாள்.
பிறைபோல் வளைந்த சுரண்டியால்
மேலிருந்து கீழே வழித்தாள், மறுபடி, மறுபடி.
தயிர்க் கிண்ணம் ஒன்று பாதி நிறைந்தது.
"பாரு, ஒரு கதவுக்குக் காணும்.
இதையா தண்ணியில விடப் பாத்தே?"

முதல் கழுவலை வாளியில் பிடித்தாள்,
தெளிந்ததும் அடிவண்டலைத் தனியாக எடுக்க.
பிறகு வெதுவெதுப்பான குழாய்.
ஈரக் காலுறையைப் பிழிவதுபோல்
உருளையை இரு கையாலும் பிழிந்தாள்.
வெள்ளை.
வெள்ளை.
மெலிந்த வெள்ளை.

பிறகு மஞ்சள்.

முதலில் ஒரு பொருக்கு. அப்புறம் கலங்கல்.
குழாய்க்குக் கீழே எங்கள் முதல் ஏப்ரல்
ஒழுகிக்கொண்டிருந்தது.
டப்பாவில் 'இளவெயில்' என்று போட்டிருந்த நிறம்,
சமையலறைச் சுவரில் ஏறியதும் கடுகு ஆகிவிட்டது.
ஒன்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.
பத்தாம் நாள் மேலே வெள்ளை.
மலிவான பசைச் சாயம் அது,
எத்தனை வருடமானாலும் தண்ணீர் கண்டால் இளகும்.

"அன்னைக்கு நீதான கழுவினே?"
"கழுவினேன்."
தண்ணீர் இன்னும் மஞ்சளாகவே போனது.
"மேலாப்புல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு மூக்கில்தான் முதலில் வரும்.
மறந்திருந்தேன்.

நாற்பது நிமிடம், முறை மாற்றி முறை மாற்றிப் பிழிந்தோம்.
இழைகளுக்குள் விரல் விட்டு
அட்டைக் குழலை ஒட்டிய இடம் வரைக்கும்.
கடைசியில் தண்ணீர் தண்ணீராக வந்தது.
வாளிக்குள் பிடித்துச் சுற்று என்றாள்.
நான் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து
வாளிக்குச் சற்று மேலே சுற்றிவிட்டேன்.

புது வெள்ளையில், கதவோரம்,
கடுகளவு அல்ல, கடுகின் நிறத்தில்
ஒரு நீளக் கோடு.

இருவரும் அதைப் பார்த்தோம்.
நான் கட்டைவிரலால் துடைத்தேன். அகலமானது.
"தொடாதே" என்றாள்.
தயிர்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து,
தூரிகைகளெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன,
விரலாலேயே பூசினாள்,
ஒரு தரம், காய விட்டு இன்னொரு தரம்.

உருளையை ஜன்னல் மேடையில் நிறுத்திவைத்தாள்.
"படுக்க வைக்காதே. ஒரு பக்கம் அமுங்கிப்போகும்."
கைப்பிடி கம்பியில் தொங்கியது.

காலையில் அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டோம்.
கைப்பிடி அவள் பெட்டியில்.
உருளை என் கோட்டுப் பையில், காய்ந்து,
பூனைக்குட்டிபோல மெத்தென்று.

பத்து மணிக்கு வீட்டுக்காரி திருமதி டோன்யெஸ்
மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அறை அறையாக நடந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.
குளியலறைக் கதவோரம் மட்டும் நின்று
சுவரில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இங்கே இன்னும் ஈரம்" என்றார்.