இருபத்தைந்து சின்னக் குப்பிகள்

ட்ரெலூவில் காற்று
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
பட்டறைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு
என் கால்மாட்டில் வந்து நின்றது,
நான் காருக்கு அடியில் கிடந்தபோது.

அறுபத்திரண்டாம் வருடத்துப் பெஜோ.
பின்னச்சில், வெண்கலக் கடைக்குள் யானை.
அறுபதைத் தொட்டால் பிளிறும்.
மிதியிலிருந்து காலை எடுத்தால் முனகும்.

ஒராசியோவின் கடையில் கேட்டேன்.
நல்லவன். கடனுக்கும் கொடுப்பவன்.
"ஐந்தாம் எண் போடு நெரிஸ்,
நாலைவிட ஐந்து உசத்திதானே?"
எண்ணைப் பார்த்து எண்ணெய் வாங்கும் ஊர்.
மூடியைத் திறந்தேன்.
கந்தகம். கூமுட்டை நாற்றம்.
இரும்புப் பல்லுக்கு அது கவசம்.
என் பின்னச்சிலோ
சுழலும் புழுதான் இரும்பு,
அது கடித்துத் திருப்பும் சக்கரம்
வெண்கலம்.
கந்தகம் அதை நக்கி நக்கியே தின்றுவிடும்,
சத்தமில்லாமல்.
பிளிறலைவிட எனக்கு அதுதான் பயம்.

"அப்போ பழைய ரகம், கெட்டியான தாது எண்ணெய்."
ஊற்றலாம்தான்.
உள்ளே ஏற்கெனவே இருப்பது எது?
தெரியாமல் ஊற்றினால்
ஒன்றோடொன்று சேராமல்
கூழாகி அடைத்துக்கொள்ளும்,
என் கல்யாணத்தைப் போல.
(இதை ஒராசியோவிடம் சொல்லவில்லை.
அவன் என் முன்னாள் கணவனின் தம்பி.)

அடைப்பானைக் கழற்றினேன்.
தேன் மாதிரி வந்தது, அவசரமே இல்லாமல்.
விரலில் தேய்த்தால்
மீன் செதிலாய் நாலைந்து மினுக்கம்.
பரவாயில்லை, பல் இன்னும் பல்தான்.
ஒரு சொட்டைக் குவளையில் விட்டு
காயம் துடைக்கும் ஆல்கஹாலை ஊற்றினேன்.
தாது எண்ணெய் என்றால்
முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியில் கிடக்கும்.
இது கரைந்தது.
சுவடே இல்லை.

விளக்கெண்ணெய்!

எனக்கு வண்டியை விற்ற எவாரிஸ்தோ
கஞ்சன் என்பது ஊர்ப்பேச்சு.
விற்கும்போது வார்த்தையிலும் கஞ்சன்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
முப்பது வருடம் அச்சுக்கு ஊற்றிய அதையே
கண்ணிலும் விட்டுக்கொண்டு
பார்த்துப் பார்த்து வைத்திருந்திருக்கிறான்.
தட்டில் வடிந்தது அரை லிட்டர்கூட இல்லை.
சீல் கசிந்து மீதி எந்தச் சாலையில் போனதோ.
யானை தாகத்தில்தான் பிளிறியிருக்கிறது.

புது சீல் பொருத்திவிட்டு
மருந்துக் கடைக்குப் போனேன்.
"விளக்கெண்ணெயா? எவ்வளவு?" மிர்த்தா கேட்டாள்.
"ஒன்றேகால் லிட்டர்."
"கடவுளே, யாருக்கு?"
"வயசானவர். பின்பக்கம் கொஞ்சம் இறுக்கம்."
ஐம்பது மில்லிக் குப்பிகள்தான் இருந்தன,
மொத்தம் இருபத்தைந்து.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தேன்.
மடியில் கை மரத்துப்போனது.

ராவ்சன் சாலையில்
அறுபது. அறுபத்தைந்து. எழுபது.
காற்று மட்டும் பிளிறியது.

திரும்பி வந்தால் வாசலில் ஒராசியோ,
கையில் ஒரு பானை அரிசிக் கஞ்சி.
மிர்த்தா சொல்லியிருக்கிறாள்.
காலிக் குப்பிகளைப் பார்த்தான், காரைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
கொண்டுவந்த கஞ்சியை வீணாக்குவானேன் என்று
இருவரும் உட்கார்ந்து குடித்தோம்.

உப்பு போட்டிருக்கவில்லை.
சொன்னேன்.