உலகத்துக்குப் போனவர்கள்

ஒரே கட்டடம், இரண்டு கதவுகள்.
ஆண்கள் இடது, பெண்கள் வலது
என்கிறாள் ஓடெட்.
முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
அந்தக் குரலுக்கு மறுபேச்சில்லை.

கான்கார்டிலிருந்து ஐம்பது நிமிஷம்
காரில் முகம் கொடுக்காமல் வந்தவர்கள் நாங்கள்.
வெண்டல் அப்பாடா என்று
இடது கதவுக்குப் போனான்.
நானும் அப்பாடா என்றுதான் போனேன்.

உள்ளே ஒரே கூடம்.
இதற்கா இரண்டு கதவு?

சுவர் நெடுக மர முளைகள்.
முளைகளில் தலைகீழாய்த் தொங்கும் நாற்காலிகள்,
உட்காரும் பக்கம் தூசி படியாதிருக்க.
துடைப்பத்தைத் தட்டையாக்கியவர்கள்,
விதையைக் காகித உறையில் அடைத்து விற்றவர்கள்,
கடவுள் வந்துவிட்டால்
உடம்பு உதற உதற ஆடியவர்கள்.
ஷேக்கர்கள் என்று ஊர் சிரித்தது.
சரி, அதுவே இருக்கட்டும் என்றார்களாம்.
கல்யாணம் இல்லை, தொடுதல் இல்லை.
மாடிப்படிகூட இரண்டு.

"அப்போ பாப்பா எங்கேருந்து வரும்?"
டைனோசர் சட்டை போட்ட பையன் கேட்டான்.
அவன் அம்மா உத்தரத்தை ஆராய்ந்தாள்.
"வெளியிலிருந்து" என்றாள் ஓடெட்.
அநாதைகள். வளர்க்க முடியாதவர்கள் விட்டுப்போனவை.
அப்புறம், பனி விழத் தொடங்கியதும்
பக்தி பிறந்து
ஏப்ரலில் தீர்ந்துபோன சில பெரியவர்கள்.

பிறகு நாற்காலிகளை இறக்கச் சொன்னாள்.
இரண்டு வரிசை, நடுவே ஐந்தடி.
வாரத்தில் சில மாலைகள் அவர்கள்
இப்படி எதிரெதிரே உட்கார்வார்கள்,
மடியில் கைக்குட்டை விரித்து,
ஒரு மணி நேரம்.
ஆடு, ஆப்பிள், வானிலை,
பேசத் தடையில்லை.
"உங்களுக்கு இரண்டே நிமிஷம். பேசுங்கள்."

எனக்கு எதிரே கார்லெட்டன் என்றொருவர்,
நில அளவையாளராய் இருந்து ஓய்வு பெற்றவர்.
கட்டடம் முழுவதிலும் ஒரு கோணல் இல்லை பாருங்கள்
என்று தொடங்கினார்.
தலையாட்டினேன்.
காது மட்டும் இரண்டு நாற்காலி தள்ளிப் போயிருந்தது.

அங்கே வெண்டல்,
பச்சைத் தொப்பி போட்ட முன்பின் தெரியாத பெண்ணிடம்
சொல்லிக்கொண்டிருந்தான்:
"மார்ச்சில் எங்கள் நாய் செத்துப்போச்சு. மேபல்.
ராத்திரி தண்ணிக் கிண்ணத்தை
இன்னும் நிரப்பி வைக்கிறேன்.
காலையில் கொட்டிவிடுவேன்.
ஏன்னு தெரியலே."

காலையில் சமையலறையில்
நான் காலால் எத்திய கிண்ணம்.
எத்தனை நாளாய்ச் சொல்கிறேன், சோம்பேறி என்று
கத்திய கிண்ணம்.
அப்போது அவன் ஒன்றும் சொல்லாமல்
தரையைத் துடைத்தான்.

"அரை அங்குலம்கூட" என்றார் கார்லெட்டன்.
"அப்படியா" என்றேன்.

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேரேடு.
இத்தனை பவுண்டு கம்பளி, இத்தனை குடம் சிரப்.
நடுவில், அதே மையில், அதே நிதானமான கையெழுத்தில்:
சகோதரர் ஆஸா, சகோதரி லவீனியா
நேற்றிரவு உலகத்துக்குப் போனார்கள்.
அடுத்த வரி,
பூசணிக்காய் நாற்பத்திரண்டு.

திட்டு இல்லை, சாபம் இல்லை.
எந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்றும் இல்லை.
பையன் மறுபடி கேட்டான்:
"அதுவரைக்கும் எங்கே இருந்தாங்க?"
ஓடெட்டுக்கே பதில் வரவில்லை.
மணியைப் பார்த்துவிட்டு
சலவை அறைக்கு இந்தப் பக்கம் என்றாள்.

கடையில் துடைப்பம் அறுபத்தெட்டு டாலர்.
யாரும் வாங்கவில்லை.

காரில் ஏறியதும் அவன் சாவியைப் போட்டான்,
திருகவில்லை.
கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல
நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.
"மழை வரும் போலிருக்கு" என்றேன்.
"ஆமா. மேற்கே கறுத்திருக்கு."
"ஆப்பிளுக்கு நல்லதா?"
"இப்போ பெய்ஞ்சா நல்லதில்லே" என்று
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.

கைக்குட்டை என்னிடம் இல்லை.
நுழைவுச் சீட்டு இரண்டையும்
மடியில் விரித்து வைத்திருந்தேன்.